உயிரோடிருப்பவனுக்கு ஒப்பாரி கிடையாது

வளவனூருக்கும் கண்டமங்கலத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் எழவு விழுந்தால் முதல் ஆள் வெட்டியானைத் தேடிப் போவான், இரண்டாவது ஆள் வீரம்மாளைத் தேடிப் போவான். வசதியுள்ள வீடுகளில் வீரம்மாளுக்குத்தான் முதல் ஆள். பிணம் சற்று நேரம் காத்திருக்கலாம். ஒப்பாரி இல்லாத வாசலைப் பார்த்து ஊர் சிரித்துவிடக் கூடாது அல்லவா?

அவள் வந்ததும் நேரே பிணத்திடம் போகமாட்டாள். வாசலில் நின்று சேதி கேட்பாள். செத்தவரை என்ன முறை வைத்துப் பாட வேண்டும், அண்ணனா, மாமனா, பெற்ற அப்பனா? அவர் யார் யாருக்கு என்ன கொடுத்தார்? முறை சொல்லாமல் ஒப்பாரி இல்லை. கொடுத்ததைச் சொல்லாமலும் ஒப்பாரி இல்லை. எச்சில் கையால் காக்காய் ஓட்டாத ஒரு கணக்குப்பிள்ளை செத்தபோது, அவர் தோப்பில் ஊர் மாடு படுத்துக்கிடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, 'மாடு கன்னு இளைப்பாற மரநிழலைத் தந்தவரே' என்று பாடினாள். அவர் மாட்டை விரட்டாமல் தூங்கிப்போனதுதான் நிஜம். ஆனாலும் அவர் பெண்டாட்டி அன்றைக்குத்தான் முதல்முறையாகப் புருஷனை நினைத்து அழுதாள் என்று சொல்வார்கள்.

இன்னொன்றிலும் அவள் கறார். உயிர் போனது நிச்சயம் என்றால்தான் வாயைத் திறப்பாள். இழுத்துக்கொண்டிருக்கும் ஆளின் வீட்டுக்கு முன்கூட்டி வந்து உட்காரமாட்டாள். உயிரோடு இருப்பவரை வைத்துப் பாடினால் பாட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடும் என்பாள். படித்தவர்கள் அதை மூடநம்பிக்கை என்று சொல்லிக்கொள்ளட்டும். அவளுக்கு அது தொழில் தர்மம்.

இந்த வீரம்மாளின் மகன் தாண்டவராயன் ஒரு பிரெஞ்சுக்காரன். சிரிக்க வேண்டாம், விஷயம் ரொம்பச் சுலபம். தலைச்சன் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் பக்கத்து வழக்கம். வீரம்மாளின் தாய்வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், திருபுவனையை ஒட்டிய ஒரு சேரியில் இருந்தது. அந்தப் பக்கம் பாண்டிச்சேரி சர்க்கார், அதாவது பிரெஞ்சு சர்க்கார். எல்லை என்று இங்கே மலையா இருக்கிறது, ஆறா இருக்கிறது? ஒரு வாய்க்கால், ஒரு வரப்பு, அவ்வளவுதான். கிணறு நம் ஊரில், கவலையில் நீர் இறைக்கும் மாடு பிரான்ஸில் என்று கேலி பேசுவார்கள். மேரி என்று அவர்கள் சொல்லும் முனிசிபல் ஆபீசில் தாய்மாமன் போய்ப் பிறப்பைப் பதிந்துவிட்டு வந்தான், பையன் பிரெஞ்சுக்காரன் ஆகிவிட்டான். அடுத்துப் பிறந்த அம்சா இந்தப் பக்கம் சொந்தக் குடிசையில் பிறந்தாள், அவள் இந்தியாக்காரி. ஒரே வயிற்றில் இரண்டு தேசம். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபின் இரண்டு தேசத்துக்கும் கேப்பைக்கூழ் ஊற்றி வளர்த்தவள் வீரம்மாள்தான்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் தாண்டவராயன் ஒரு ஜோடி செருப்பு வாங்கினான். வாங்கியவன் சும்மா இல்லாமல் அதைப் போட்டுக்கொண்டு பெரிய தெரு வழியாக நடந்தான். பெரிய தெரு ஆட்கள் அவனைப் பிடித்து, செருப்பைத் தலையில் தூக்கி வைத்து, தெருக்கோடி வரைக்கும் நடக்கவிட்டார்கள். அவன் நடந்தான். மறுநாள் விடிந்ததும் அம்மாவிடம், "யம்மா, இந்த ஊர் மூஞ்சில இனிமே நான் முழிக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வாய்க்காலைத் தாண்டினான். பாண்டிச்சேரியில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே பட்டாளத்தானைச் சொல்தா என்பார்கள். தாண்டவராயன் சொல்தா ஆனான், கப்பலேறிச் சைகோனுக்குப் போனான்.

சைகோனிலிருந்து ஒரு போட்டோ வந்தது, தாய்மாமன் வீட்டு விலாசத்துக்கு. தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, காலில் முழங்கால் உயரத்துக்கு பூட்ஸ் போட்டுக்கொண்டு தாண்டவராயன் நின்றான். வீரம்மாள் முகத்தைப் பார்த்ததைவிட பூட்ஸைத்தான் அதிக நேரம் பார்த்தாள். போட்டோவைப் பெரிய தெருக்காரர்கள்கூட வாங்கிப் பார்த்து, "வரும்போது ஒரு சைகோன் டார்ச்லைட்டு கொண்டாரச் சொல்லு," என்றார்கள். அப்போதெல்லாம் பிரெஞ்சுக்காரன்மேல் யாருக்கும் ஒரு கோபமும் இல்லை. இருக்க வழியும் இல்லை. மெட்ராஸ் ராஜ்யம் முழுக்க மதுவிலக்கு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சாராயக்கடை. சாயங்காலமானால் நம் ஜனங்களில் பாதிப்பேர் வெளிநாடு போய்த் திரும்புவார்கள்.

ஐம்பத்துநாலில் காற்று மாறியது. வியட்நாம் ஜனங்களுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் நடந்த அந்தச் சைகோன் சண்டையில் நம் சர்க்கார் யார் பக்கமும் இல்லை. சண்டைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் ஏரோப்ளேன் நம் தலைக்குமேல் பறக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டது. சர்க்கார் நடுநிலை, ஆனால் கண்டமங்கலம் டீக்கடை நடுநிலை இல்லை. பாண்டிச்சேரியை விட்டுப் பிரெஞ்சுக்காரன் போக வேண்டும் என்று ஊரெல்லாம் கொடி பிடித்த வருஷம் அது. எல்லையில் சுங்கத் தடுப்புப் போட்டார்கள், பஸ்ஸை நிறுத்தினார்கள். டீக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க, சைகோன் பக்கத்துக் காட்டில் பிரெஞ்சுக்காரன் வாங்கும் ஒவ்வொரு அடிக்கும் இங்கே கைதட்டினார்கள். அந்த ஜனங்கள் தங்கள் மண்ணுக்காக அடித்தார்கள், நியாயமான அடிதான், அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீரம்மாளும் குறை சொல்லவில்லை. அடி யார்மேல் விழுகிறது என்பதுதான் அவள் கவலை. பொங்கலுக்கு முன்னால் வந்ததுதான் கடைசிக் கடிதம். அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை.

வெயில் கொளுத்திய மே மாதத்தில் அந்தச் சேதி வந்தது. தியன்பியன்பூ என்ற கோட்டை விழுந்துவிட்டது, உள்ளே இருந்த பட்டாளத்தில் செத்தவர் போக மீதிப்பேர் பிடிபட்டார்கள். விழுப்புரத்தில் வெடி வெடித்தார்கள். எல்லைப்புற விடுதலைக் கமிட்டி என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் தேவநாதன், மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த முதலாளி. மல்லாட்டை வாங்கி விற்றதில் சேர்த்த உடம்பும், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரி கட்டாமல் வந்த கைக்கடிகாரமுமாக இருப்பார். பிராந்தியும் பிளேடும் அவருக்கு அதே வழியாகத்தான் வரும். அவருக்கு ஒரு யோசனை வந்தது. மழை பெய்யாத வருஷம் வைக்கோலில் கொடும்பாவி கட்டி, பாடையில் வைத்து, தெருத்தெருவாக இழுத்து ஒப்பாரி வைப்பது நமக்குப் பழக்கம்தானே? பிரெஞ்சு சொல்தாவுக்கு ஒரு கொடும்பாவி கட்டிவிட்டால் என்ன? ஒப்பாரிக்கு யார் என்று கேட்டபோது எவனோ ஒரு புண்ணியவான், "வீரம்மா இருக்கறா. அவ புள்ளையே சொல்தாதான்," என்று எடுத்துக் கொடுத்தான். தேவநாதனுக்கு அது பாயசத்தில் விழுந்த முந்திரிபோல இருந்தது.

வில்வண்டி பூட்டிக்கொண்டு அவரே சேரிக்கு வந்தார்.

"வீரம்மா, விழுப்புரத்துல ஒரு எழவு. நீ வரணும்."

"யாருங்க மொதலாளி?"

"பிரெஞ்சுக்காரன்." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். "கொடும்பாவிதான். சொல்தா மாதிரி ஜோடிச்சிக்கினு இருக்காங்க. நீ வந்து நாலு வரி பாடு. பெத்தவளே பாடுறான்னா மெட்ராஸ் பேப்பர்காரன் எல்லாம் வருவான்."

"என் புள்ளைக்கு என்ன ஆச்சின்னே தெரியலீங்க. பாட மாட்டேங்க."

தேவநாதன் முகம் மாறியது. "இதோ பாரு, உன் புள்ளை எதிரிப் பட்டாளத்துல இருக்கறான். நீ வாய்க்காலைத் தாண்டி அடிக்கடி போறே வர்றே. வேவு பாக்கறேன்னு எவனாவது எழுதிப்போட்டா உனக்குத்தான் பேஜாரு. வந்து பாடிட்டா ஒரு வம்பும் இல்லை. வயசுப்பொண்ணு வேற வெச்சிக்கினு இருக்கறே."

அம்சா குடிசைக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீரம்மாள் மகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"வர்றேங்க. ஆனா என்னத்தைப் பாடணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

"அது உன் இஷ்டம்," என்றார் தேவநாதன். மனுஷனுக்கு மண்டி வியாபாரம்தான் தெரியும், ஒப்பாரி தெரியாது. இல்லாவிட்டால் அந்த வார்த்தையை வாயிலிருந்து விட்டிருப்பாரா?

விழுப்புரம் கடைத்தெருவில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பாடை நடுவில் இருந்தது. கொடும்பாவிக்கு எங்கிருந்தோ பிடித்து வந்த நிஜமான பட்டாளத்துக் கோட்டு போட்டிருந்தார்கள், தொப்பியும் வைத்திருந்தார்கள். தொப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் வீரம்மாள் அம்சாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பறை நின்றது. எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"பொணம் எனக்கு என்ன முறைங்க?" என்று கேட்டாள்.

"மவன்னு வெச்சிக்கோயேன்," என்றார் தேவநாதன். கூட்டம் சிரித்தது.

வீரம்மாள் பாடைக்கு அருகே போனாள். குனிந்து தொப்பியை எடுத்தாள். கோட்டின் பித்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். வைக்கோல் கையை மெதுவாகத் தூக்கி, தூங்குகிற குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோல் கோட்டை உருவினாள். தடுக்க வந்த ஒருவனை அம்சா பிடித்துத் தள்ளினாள். கோட்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வீரம்மாள் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"சண்டைக்குப் போன புள்ளைங்க எவனும் செத்தான்னு எனக்குச் சேதி வரலை. அவங்களுக்குப் பாட மாட்டேன். இப்போ இது வெறும் வைக்கோலு. வெறும் வைக்கோலுன்னா துரைமாருன்னு வெச்சிக்கலாம். துரைங்க எனக்கு ஒரு முறையும் கெடையாது. மொதலாளிக்குத்தான் பங்காளி முறை. அவருக்காகப் பாடறேன்."

உட்கார்ந்தாள், மாரில் ஒரு அறை அறைந்துகொண்டாள், எடுத்தாள் பாருங்கள் குரலை:

"வாசலிலே வண்டி கட்டி வழிநடக்கும் ராசாவே,
நீ வாரித் தந்த பிராந்திக்கு இனி வாய்நனைக்க யாரிருக்கா?
மணிக்கட்டுல மின்னுதய்யா மன்னவரு தந்த வாட்சு,
மல்லாட்டை மண்டியெல்லாம் மப்பில்லாம வாடுதய்யா.
கன்னம் வழிக்கப் பிளேடு தந்த கட்டழகு ராசாவே,
நீ காடு போய்ச் சேர்ந்துபுட்டா கமிட்டிக்கெல்லாம் தாடி மொளைக்கும்."

முதல் வரிக்குக் கூட்டம் திகைத்தது. இரண்டாவது வரிக்கு எங்கோ ஒருவன் விசிலடித்தான். அப்புறம் கடைத்தெருவே குலுங்கியது. தேவநாதன் சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தை மறைத்ததை நாலு பேர் பார்த்துவிட்டார்கள், அதைப் பார்க்காத நானூறு பேர் தாங்களும் பார்த்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். பறையை அடிடா, பறையை அடிடா என்று அவர் கத்தினார். வீரம்மாள் எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, கோட்டுடன் நடந்தாள். வெறும் வைக்கோலைக் கொளுத்திவிட்டுக் கமிட்டி கலைந்தது.

சிரித்தவர்கள் சிரித்ததோடு சரி. அவளை எழவு வீட்டுக்குக் கூப்பிடக் கூடாது என்று தேவநாதனின் வாய்வார்த்தை ஊர் ஊராகப் போனது. மண்டியில் மல்லாட்டை போடுகிற குடியானவர் ஒருவரும் அதை மீறவில்லை. களை எடுக்கவும் கூப்பிடவில்லை. வீரம்மாளும் அம்சாவும் வாய்க்காலைத் தாண்டிப் போய்ப் பிரெஞ்சு எல்லையில் மல்லாட்டை பிடுங்கினார்கள். எதிரி தேசத்து மண்ணில் கூலி வேலை செய்கிறாள் பார் என்று ஊர் பேசியது. சொந்த தேசத்து மண்ணில் யாராவது வேலை கொடுத்திருந்தால் போயிருப்பாளே!

அப்படிப் போனபோது ஒருநாள் பாண்டிச்சேரி வரைக்கும் நடந்து, பட்டாளத்து ஆபீசில் விசாரித்தாள். அங்கே இருந்த தமிழ் குமாஸ்தா பெயர்களைத் தேடிப் பார்த்துவிட்டு, "காணோம்னு போட்டிருக்கும்மா. செத்துட்டான்னு சொல்ல முடியாது. உசுரோட இருக்கான்னும் சொல்ல முடியாது," என்றார்.

"மொதல்ல சொன்னீங்களே, அது போதுங்க," என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

அந்த நவம்பரில் பிரெஞ்சுக்காரன் பாண்டிச்சேரியைக் கொடுத்துவிட்டுப் போனான். ஊரில் மிட்டாய் கொடுத்தார்கள். வீரம்மாளும் வாங்கித் தின்றாள். போகவேண்டியவன் போனான், வரவேண்டியவன் வரட்டும் என்றாள்.

வரவில்லை. இதற்கு நடுவே திண்டிவனத்திலிருந்து அம்சாவைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை வேங்கடேசன், எண்ணெய் மில்லில் வேலை. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் அம்சாவைப் பார்த்துப் பிடித்துப்போய், யார் என்ன என்று விசாரித்துத் தேடி வந்தவன். அம்சாவுக்கும் அவனைப் பிடித்திருந்தது. திண்டிவனம் ரயில் எத்தனை மணிக்கு என்று சம்பந்தமில்லாமல் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் கூடி வந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா கிருஷ்ணவேணி ஒரு முடிச்சைப் போட்டாள்.

"பட்டாளத்துக்குப் போன உங்க புள்ளைக்கு இன்னும் கருமாதி பண்ணலையாமே. எழவு கழிக்காத வூட்டுல நாங்க எப்படிங்க பொண்ணெடுப்போம்? அதை முடிச்சிடுங்க. அடுத்த மாசமே தாலி கட்டிடலாம்."

வீரம்மாளின் கொழுந்தன் விருத்தாசலம் பதறினான். "அண்ணி, அவங்க கேக்கறது நாயம்தானே? வருஷம் தாண்டியாச்சு. ஊர் எல்லாம் அவன் செத்துட்டான்னுதான் சொல்லுது. ஒரு பாட்டு பாடி, தண்ணி வுட்டுட்டா பொண்ணு கரையேறிடும். உனக்கும் நாலு எழவுக்கு அழைப்பு வரும்."

அவன் சொன்னது வீம்புக்காக அல்ல. தாண்டவராயன் செத்தால் எல்லோருக்கும் சௌகரியம். எதிரிப் பட்டாளத்தான் ஒழிந்தான் என்று ஊருக்கு ஒரு திருப்தி, தேவநாதனுக்கு ஒரு வெற்றி, அம்சாவுக்கு ஒரு தாலி. ஒரே ஒரு பாட்டுத்தான் பாக்கி. அதைப் பாடத் தெரிந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள்.

மகனுக்கு உயிர், மகளுக்கு வாழ்வு, வீரம்மாள் எதை எடுத்து எதில் வைப்பாள்? அம்சாதான் எழுந்து வந்தாள். கிருஷ்ணவேணிக்கு நேராக நின்று, "எங்க அண்ணனைச் சாவடிச்சிட்டுத்தான் எனக்குத் தாலின்னா, அது எனக்கு வாணாங்க. வேற எடம் பாத்துக்குங்க," என்றாள். சொல்லிவிட்டு மல்லாட்டைக் கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். வேங்கடேசன் அடுத்த தைமாசம் வரைக்கும் காத்திருந்தான், அப்புறம் செஞ்சிப் பக்கத்தில் கட்டிக்கொண்டான். அந்தச் சேதி வந்த அன்றைக்கு அம்சா சாப்பிடவில்லை.

வருஷங்கள் ஓடின. ஜனங்களின் எண்ணமும் ஓடியது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களுக்கு மாதாமாதம் பென்ஷன் வருகிறது என்று தெரிந்ததும் கொடி பிடித்த வீடுகளே அவர்களுக்குப் பெண் கொடுக்கப் போட்டி போட்டன. தேவநாதன்கூட அப்படி ஒரு மாப்பிள்ளையைத் தன் அக்கா மகளுக்குத் தேடிக்கொண்டிருந்தார். வைக்கோலைக் கொளுத்திய சாம்பல் காற்றில் போய்விட்டது. ஆனால் தாண்டவராயன் மட்டும் செத்தவனாகவே ஊர்க்கணக்கில் இருந்தான். செத்தவன் எதிரியாகவே இருந்துவிட்டுப் போவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஒரு மத்தியானம், காலைச் சற்றுச் சாய்த்து நடக்கிற ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சேரிக்கு வந்தார். நெல்லித்தோப்பு சவுரிராயன் என்று சொல்லிக்கொண்டார், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வீரம்மாள் முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். அம்சா கூரைக்கு ஓலை கட்டிக்கொண்டிருந்தாள்.

"தாண்டவராயனோட அம்மா நீங்கதானே? நானும் அவனும் ஒரே கம்பெனி," என்றார் அவர்.

வீரம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "சொல்லுங்க சாமி. எதுவா இருந்தாலும் ஜல்தியா சொல்லிடுங்க."

"உசுரோட இருக்கான்மா."

அவள் அழவில்லை. சிந்திய கேப்பையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட ஆரம்பித்தாள். சவுரிராயன் மெல்ல மெல்லச் சொன்னார். கோட்டை விழுந்தபோது இருவரும் பிடிபட்டார்கள். காட்டுவழியே நடத்திக்கொண்டு போனார்கள், வழிநெடுக ஆட்கள் விழுந்து செத்தார்கள், தாண்டவராயன் நடந்து பிழைத்தான். விட்டபிறகு இவரைப் பட்டாளம் பிரான்ஸுக்கு அனுப்பியது, ஓய்வு பெற்று இப்போதுதான் பாண்டிச்சேரிக் கப்பல் ஏறினார், அவன் ஏறவில்லை. சைகோனில் ஒரு வியட்நாம் பெண்ணைக் கட்டிக்கொண்டு பிரான்ஸுக்கே போய்விட்டான். இப்போது மார்சேய் துறைமுகத்தில் வேலை, இரண்டு குழந்தைகள்.

"கடுதாசி போடுடான்னு எத்தனையோ சொன்னேன்மா. அந்த ஊர்ப் பேரை எடுத்தாலே எழுந்து போயிடுவான். ஏதோ செருப்பு சமாச்சாரம் சொல்லுவான், அப்புறம் பேசமாட்டான். அங்க என்னடா இருக்குது எனக்கு, தங்கச்சிக்கு இந்நேரம் கல்யாணம் ஆயி ரெண்டு புள்ளை இருக்கும், அம்மா அவ வூட்டுல சொகமா இருக்கும்னு சொல்லுவான். எனக்குத்தான் மனசு கேக்கலை. கண்ணாலே பாத்துச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அம்சாவின் கையிலிருந்த ஓலை விழுந்தது. கூரையிலிருந்து இறங்கி வந்தாள். சவுரிராயனையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. வாசல் நடுவில் கால் நீட்டி உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துவிட்டாள். என்ன நடக்கிறது என்று மற்றவர்களுக்குப் புரிவதற்குள் மாரில் அடித்துக்கொண்டு குரலெடுத்தாள்.

"என்னோட பொறந்தவனே, எனக்கு முன்னே போனவனே..."

அப்பா, என்ன குரல்! வீரம்மாளின் குரலைவிட ஒரு கட்டை மேலே. இத்தனை வருஷமாக அவள் ஒருநாளும் பாடியதில்லை, பாடத் தெரியும் என்று பெற்றவளுக்கே தெரியாது. வீரம்மாள் பாய்ந்து போய் மகள் வாயைப் பொத்தினாள். அம்சா கையைக் கடித்தாள். வீரம்மாள் விடவில்லை.

"வுடு என்னை! கல்யாணம் ஆயிருக்குமாம், ரெண்டு புள்ளை இருக்குமாம்! நான் இங்க அவனுக்காக முள்ளுல கிடக்கறேன், அவன் அங்க பொண்டாட்டி புள்ளையோட இருக்கறான். அவன் எனக்குச் செத்துட்டான். நான் பாடத்தான் போறேன்."

"பாடாதடி. உன் கால்ல வுழறேன், பாடாத."

"நம்மளை மறந்தவன்மா!"

"மறந்தா மறந்துட்டுப் போறான். இருக்கறானே! எங்கிட்ட வரணும்னா கேட்டேன்? இருக்கணும்னுதானேடி இத்தினி வருசம் வாயைக் கட்டிக்கினு கிடந்தேன்." வீரம்மாளின் கையில் ரத்தம் வந்திருந்தது. "உனக்குப் பண்ணினது பாவம். அவன் பண்ணினான், நானும் பண்ணினேன். திட்டு. வாய் கிழியத் திட்டு. நாயே பேயேன்னு திட்டு. நான் கேட்டுக்கறேன். பாட்டு மட்டும் வாணாம்."

அம்சா மூச்சு வாங்க அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் திட்டத் தொடங்கினாள். அடக்கிவைத்த வருஷங்கள் அத்தனையும் மடை திறந்துவிட்டது. செருப்புக்கு ரோஷப்பட்டவன் தங்கச்சிக்கு ரோஷப்பட்டானா என்றாள். கப்பல் ஏறத் தெரிந்தவனுக்கு ஒரு கார்டு எழுதத் தெரியாதா என்றாள். அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளும் வந்தன. பாவம், சவுரிராயன் தனக்குத்தான் திட்டு விழுகிறது என்பதுபோல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

சத்தம் கேட்டு ஜனம் சேர்ந்துவிட்டது. ஒப்பாரியின் முதல் வரி பெரிய தெரு வரைக்கும் கேட்டிருந்தது. ஒருவழியாகத் தாண்டவராயன் செத்த சேதி வந்துவிட்டது என்று முடிவுகட்டிக்கொண்டு வந்தார்கள். விருத்தாசலம் தோள்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். பெண்கள் இரண்டுபேர் வரும்போதே மாரில் கை வைத்துக்கொண்டார்கள். பறைக்காரரும் தோளில் பறையோடு வந்து நின்று, அடிக்கலாமா என்பதுபோல் பார்த்தார். பெரிய தெரு ஆட்களில் ஒருவர் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "பென்ஷன் உனக்கு வருமா வீரம்மா?" என்று கேட்டார்.

வீரம்மாள் அம்சாவை உள்ளே அனுப்பிவிட்டு வாசலை மறித்து நின்றாள். கடிபட்ட கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"எவளும் வாயைத் தொறக்கக் கூடாது. இது எழவு வூடு இல்லை. தம்பி, துண்டை எடுத்துத் தோள்ல போடு. என் மவன் தாண்டவராயன் உசுரோட இருக்கறான். கடலுக்கு அந்தாண்ட, பொண்டாட்டி புள்ளைங்களோட இருக்கறான். இங்க வர மாட்டான். பெரிய தெருவுல அவன் தலையில செருப்பு வெச்சீங்களே, அதுக்குத்தான் வர மாட்டான். போய் விழுப்புரத்துலயும் சொல்லுங்க, மண்டியிலயும் சொல்லுங்க. பறையைத் தூக்கிக்கினு போங்க."

பெரிய தெருக்காரர் வந்த வழியே திரும்பினார். பறைக்காரர் பறையை முதுகுப்பக்கம் தள்ளிக்கொண்டார். கூட்டம் உடனே கலையவில்லை. எழவுக்கு என்று கிளம்பி வந்தவர்கள் எழவு இல்லை என்றால் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள்.

குடிசைக்குள் அம்சா இன்னும் ஓயவில்லை. துரோகி, மானங்கெட்டவன், வரட்டும், வந்தால் விளக்குமாற்றால் அடிப்பேன் என்று குரல் வெளியே கேட்டுக்கொண்டிருந்தது. வீரம்மாள் வாசலிலேயே உட்கார்ந்து அதைக் காதாரக் கேட்டாள். எத்தனையோ எழவு வீடுகளைப் பார்த்தவள் அவள். செத்தவனை யாரும் அப்படித் திட்டுவதில்லை.